சாவதற்கென்று ஒரு மீன்

மண்டையனைத் தூக்கிக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, என்னைக் கட்டிய மனிதர்தான். அன்றைக்கு நான் வீட்டில் இருந்திருந்தால் இவ்வளவு கூத்தும் நடந்திருக்காது. அக்கா மகளுக்கு நிச்சயம் என்று மதுரைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து புர்காவைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஏறினால், பெரிய தொட்டி வெறுமனே கிடந்தது. தண்ணீர் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, குமிழி வருகிறது. மீனைக் காணோம்.

"மச்சான், மண்டையன் எங்க?"

"குடுத்துட்டேன்" என்றார் அய்யூப், ஏதோ காலிப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்த மாதிரி. "ராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனி வச்சிருக்காருல்ல வைகுண்டராஜ், அவரு கடைக்கு வந்தாரு. போன்ல வீடியோ காட்டுனேன். இதுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னுட்டாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"அது மலட்டுப் பயதான நூரு. சும்மா கிடக்கிறதுக்கு எம்புட்டு நாளைக்குத் தீனி போடுறது?"

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு மீன் கடை இருக்கிறது. குழம்பு வைக்கிற மீன் இல்லை, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன். தங்கமீன், தொட்டி, தீனி, மோட்டார் எல்லாம் அங்கே கிடைக்கும். கடை அவருடையது, மாடி என்னுடையது என்பது கல்யாணமான புதிதிலேயே நாங்கள் பேசி முடித்துக்கொண்டது. மாடியில் நான் ஃப்ளவர்ஹார்ன் வளர்த்துக் குஞ்சு எடுக்கிறேன். முக்கால் முழம் வளரும், நெற்றியில் பெரிய புடைப்பு இருக்கும், அந்த மீன். வீட்டில் இருந்தால் ராசி என்று சொல்லி வாங்குவார்கள். ராசியோ என்னவோ, அந்த மீனுக்குக் கோபம் அதிகம். பக்கத்தில் இன்னொரு மீனை விட்டால் கடித்துக் குதறிவிடும். அதனால் தொட்டிக்கு ஒன்றுதான். மண்டையனுக்குத் தீனி போடச் செத்த நேரம் பிந்தினால் என் விரலையே கவ்வுவான். எனக்கும் அவனுக்கும் ஒரே குணம் என்று அய்யூப் கேலி செய்வார்.

மனிதர்கள் கலந்து உண்டாக்கிய சாதி என்பதால் இந்த மீனில் ஆண்கள் பெரும்பாலும் மலடு. அழகாக இருக்கும், பெட்டையோடு சேரும், முட்டைக்குக் காவல் நிற்கும், ஆனால் முட்டை மறுநாளே வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்துப் போகும். மண்டையனும் அப்படித்தான் முந்தைய தடவைகளில் ஏமாற்றினான். மதுரைக்குக் கிளம்புவதற்கு முன்னால் பெட்டை மறுபடியும் ஓட்டுத் துண்டில் முட்டை வைத்திருந்தது. அதையும் ஒரு டப்பில் எடுத்து வைத்துவிட்டு, பெரிய நம்பிக்கை இல்லாமல்தான் பஸ் ஏறினேன்.

மண்டையன் போன மறுநாள் காலையில் அந்த டப்பை எட்டிப் பார்த்தேன். வெள்ளை முட்டைகளுக்கு நடுவே நூலை நறுக்கிப் போட்ட மாதிரி வால்கள் துடித்துக்கொண்டிருந்தன. மண்டையன் மலடு இல்லை. இத்தனை வருடமாக நான் எந்த ஆணைத் தேடிக்கொண்டிருந்தேனோ, அவன் என் மாடியிலேயே இருந்திருக்கிறான். அவனைத்தான் இந்த மனிதர் கவரில் போட்டுக் கட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அன்றைக்கு நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அய்யூப் கடையை வழக்கத்தைவிடச் சீக்கிரம் திறக்கப் போய்விட்டார். வெள்ளை முட்டையிலிருந்து பூஞ்சை பரவி, பொரிந்த குஞ்சுகளும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. தேறியது உள்ளங்கை கொள்ளுகிற அளவுகூட இல்லை.

எனக்கு மண்டையன் வேண்டும். அவன் இல்லாவிட்டால் என் மாடி வெறும் தண்ணீர்த் தொட்டி. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே ராஜபாளையம் போனேன்.

வைகுண்டராஜ் கம்பெனியில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை வெளுத்து, மடித்து, பொட்டலம் போட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறார்கள். ஆபீஸ் ரூமில் அவர் நாற்காலிக்குப் பின்னால், சாமி படங்களுக்குக் கீழே மண்டையனை வைத்திருந்தார்கள். தொட்டி பெரியது, குறை சொல்ல முடியாது. அவர் மனைவி ரெங்கநாயகி தொட்டி அருகே நின்று, உரித்த இறால் துண்டை விரலில் பிடித்து ஊட்டிக்கொண்டிருந்தார். கணவருக்கு மதியச் சாப்பாடு கொண்டு வருகிறவர், இப்போதெல்லாம் மீனுக்குத் தனி டப்பா கொண்டு வருகிறாராம். மண்டையன் அவர் கையைச் சுற்றிச் சுற்றி வந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணாடியில் வந்து முட்டினான்.

"பாரேன், ஆள் அடையாளம் தெரியுது இதுக்கு" என்று ரெங்கநாயகி சிரித்தார். "வீட்டுல எம்புள்ளகூட இம்புட்டுப் பாசமா வந்து நின்னது இல்லம்மா."

நான் விஷயத்தைச் சொன்னேன். மீன் மலடு இல்லை, எனக்கு அது தேவை, கொடுத்த பணத்தைத் தந்துவிடுகிறேன், கூடவே இதன் கூடப்பிறந்த இன்னொரு ஆணையும் தருகிறேன் என்றேன். அந்தத் தம்பியும் என் மாடியில்தான் இருந்தான். பார்க்க அச்சு அசல் மண்டையன், புடைப்பு மட்டும் கொஞ்சம் சிறுசு.

வைகுண்டராஜ் தலையை ஆட்டினார். "முடியாதும்மா. இது வந்த வாரமே கேரளாவுல இருந்து பெரிய ஆர்டர் வந்துச்சு. ராசி இந்த மீனுக்குத்தான். இதோட தம்பிக்கு இருக்கும்னு என்ன நிச்சயம்?"

மறுபடி போனேன், மறுபடியும் அதே பதில். கடைசியாகப் போனபோது ரூமுக்குள்ளேயே விடவில்லை. சூப்பர்வைசர் மலைச்சாமி வாசலிலேயே நின்று, "பாயம்மா, முதலாளி கோவப்படுதாரு. நீங்க போயிருங்க" என்றான். பாவம், அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது. திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

வேறு வழி இல்லாமல் தம்பிக்காரனைப் பெட்டையோடு சேர்த்துப் பார்த்தேன். நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, இரண்டும் பழகட்டும் என்று விட்டேன். பழகின மாதிரிதான் தெரிந்தது. சித்திரை வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் தடுப்பை எடுத்துவிட்டு, தீனி கொண்டு வரக் கீழே போனேன். திரும்பி வந்து பார்க்கிறேன், தம்பி செதில் பெயர்ந்து, வயிற்றைக் காட்டி மிதக்கிறான். என் பெட்டையும் லேசுப்பட்டவள் இல்லை. மண்டையனுக்கு மட்டும்தான் அவள் அடங்குவாள். செத்த மீனைத் தூக்கி வாளியில் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. வைகுண்டராஜ் மேல் ஆத்திரம்தான் வந்தது.

அந்த நேரத்தில்தான் மலைச்சாமி போன் பண்ணினான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"பாயம்மா, இங்க ஒரு அநியாயம் நடக்குது. மீன் தொட்டி மோட்டார நிப்பாட்டிப் போட்டிருக்காக. தண்ணியும் மாத்தக்கூடாது, தீனியும் போடக்கூடாதுன்னு முதலாளி உத்தரவு."

"எதுக்குலே?"

"அது சாகணுமாம்."

நான் வண்டியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. ராஜபாளையம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தலையில் துப்பட்டி சரிந்து கிடப்பதைப் பார்த்தேன்.

ஆபீஸ் ரூமில் ஏசி ஓடவில்லை, ஃபேன் ஓடவில்லை, ஜன்னலைக்கூடச் சாத்தியிருந்தார்கள். தொட்டித் தண்ணீர் கஞ்சி மாதிரிக் கலங்கி நாறியது. மண்டையன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். சிவப்பெல்லாம் வெளிறி, நெற்றிப் புடைப்பு வற்றியிருந்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து வரவில்லை. வைகுண்டராஜ் தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பையில் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"மோட்டாருக்கு என்ன?" என்றேன்.

"ரிப்பேரும்மா."

நான் போய் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஓடியது, குமிழி வந்தது. அவர் எழுந்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல், அதை அணைத்தார்.

"முதலாளி, பச்சையாக் கொல்லுதீகளே, இது என்ன மனசு?"

"கொல்லலம்மா" என்று பதறினார். "கொன்னா பலன் கிடையாது. அதுவாத்தான் போகணும். உனக்கு விஷயம் தெரியாது. ரெங்கநாயகிக்கு வயித்துல கட்டி. மதுரையில சேத்திருக்கு, நாளைக்கு ஆபரேசன். வாஸ்து பாக்குறவர் வந்தாரு. வீட்டுக்கு வர்ற கண்டத்த இந்த மீன் தான் வாங்கிக்கிட்டுப் போயிரும்னாரு. ஆபரேசனுக்கு முந்தி இது போயிட்டா அவ பொழச்சுக்கிருவா."

"அதுவா போகணும்னா மோட்டார எதுக்கு அணைச்சீக?"

"மோட்டார அணைக்கிறதுக்குப் பேரு கொல்றது இல்ல."

நான் வாசலில் நின்ற மலைச்சாமியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"எங்கிட்டத் தாங்க. நான் பாத்துக்கிடுதேன். அதுக்கு விதி முடிஞ்சா என் வீட்டுலயே முடியட்டும்."

"இல்லம்மா. இந்த இடத்துலதான் போகணும். எடம் மாறுனா செல்லாது." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நாற்காலியில் சரிந்து அழுதார். "அவ இல்லாட்டி எனக்கு ஒரு வேளைச் சோறு எங்க இருக்குன்னுகூடத் தெரியாதும்மா. ஒரு மீனுதான. கடையில வாங்குன மீனுதான. அவளுக்காக இதுகூடச் செய்யக்கூடாதா நானு?"

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்துவிட்டதே என்று கோபம் இன்னும் கூடியது. பெண்டாட்டி மேல் உயிரை வைத்திருக்கிற மனிதர், அவள் கையால் ஊட்டி வளர்த்த உயிரை அவளுக்குத் தெரியாமல் மூச்சுத் திணற விடுகிறார். இந்த அன்பை என்னவென்று சொல்வது? செருப்பைக் கழற்றி அடிக்கவும் முடியாது, தோளைத் தட்டி ஆறுதல் சொல்லவும் முடியாது. அவர் கண்ணைத் துடைத்து, பையை எடுத்துக்கொண்டார். போகிற போக்கில் மலைச்சாமியிடம், "அது போனதும் போட்டோ எடுத்து அனுப்பு" என்றார். கார் மதுரைக்குக் கிளம்பியது.

கார் தெருமுனை திரும்பும்வரை நான் ஒன்றும் யோசிக்கவில்லை. திரும்பின பிறகு என் வீட்டு வாளி நினைவுக்கு வந்தது.

"மலைச்சாமி, ஒரு மணி நேரம் யாரையும் ரூமுக்குள்ள விடாத."

"பாயம்மா, என் வேலை போயிரும்."

"அவருக்கு வேண்டியது செத்த மீனு. எனக்கு வேண்டியது உசுரோட இருக்கிற மீனு. உனக்கு வேண்டியது வேலை. மூணும் நடக்கும். சும்மா இரு."

மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், தம்பிக்காரனை வாளியோடு எடுத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டேன். கடையில் ஆக்சிஜன் கவர் எடுத்தபோது அய்யூப் எதற்கென்று கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் கேள்வியை விட்டுவிட்டார். கம்பெனியில் மலைச்சாமி ஒரு கெஜம் காஸ் துணியை நனைத்துக் கொடுத்தான். அதில் மண்டையனைச் சுற்றித் தூக்கினேன். வழக்கமாகத் தண்ணீரை விட்டு எடுத்தால் ரூம் முழுக்க நனையும்படி அடிப்பவன், ஈரத்துணி மாதிரித் தொய்ந்து கிடந்தான். கவரில் விட்டுக் காற்று நிரப்பிக் கட்டினேன். தம்பியைக் கடிபட்ட பக்கம் கீழே இருக்கும்படி தொட்டியில் போட்டேன். செத்த மீனுக்கு நிறம் ஏது? புடைப்பு சிறிதாக இருந்ததும் பட்டினியில் வற்றினதாகத்தான் தெரியும். சாயங்காலமாக மலைச்சாமி போட்டோ எடுத்து அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் மதுரையிலிருந்து கும்பிடுகிற கைப் படம் வரிசையாக வந்தது. பிறகு, மஞ்சள் தடவி, பூப் போட்டு, கம்பெனி வேப்ப மரத்தடியில் புதைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பட்டினி போட்டுக் கொல்லச் சொன்னவருக்கு அடக்கம் மட்டும் முறையாக நடக்க வேண்டுமாம். மலைச்சாமி பூ வாங்கப் போனான்.

மண்டையனை உப்புப் போட்ட நல்ல தண்ணீரில் விட்டேன். ஒருக்களித்தே கிடந்தான். "அல்லாவே, இவன் இங்க வந்து செத்தா அந்தாளு ஜெயிச்ச மாதிரி ஆயிரும்" என்று நான் பிரார்த்தித்த விதம் சரியில்லைதான். ஆனால் அப்படித்தான் பிரார்த்தித்தேன். சில நாள் கழித்து, புழு போடப் போன என் விரலை அவன் நறுக்கென்று கவ்வினான். ரத்தம் வந்தது. அன்றைக்குத்தான் அழுதேன்.

ரெங்கநாயகிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியில் விஷம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்டு எனக்கும் சந்தோஷம்தான். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மண்டையன் தொட்டியைப் பழைய சேலையால் மூடி வைத்தேன். பெட்டை அவனுக்கு அடங்கியது. மறுபடி முட்டை வைத்தது. இந்தத் தடவை டப்பே கறுத்துத் தெரிகிற அளவுக்குக் குஞ்சு.

ஆனால் வைகுண்டராஜுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மில் சங்கக் கூட்டத்தில், கல்யாண வீட்டில், கோயில் வாசலில், போகிற இடமெல்லாம் மீன் கதைதான். என் மீன் என் பொண்டாட்டி உயிரைக் காப்பாற்றிவிட்டுப் போனது என்று கண்கலங்கச் சொன்னாராம். மீன் எங்கே வாங்கியது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

கடையில் கூட்டம் கூடியது. ராசிக்கு மீன் கேட்டு வந்த காலம் போய், சாவதற்கு மீன் கேட்டு வர ஆரம்பித்தார்கள். கோர்ட்டில் நிலத் தகராறு உள்ள ஒருவர் வந்தார். மகள் பரீட்சைக்கு என்று ஒரு அம்மா வந்தார். பால்கோவா கடைக்காரர் ஒருவர், "வாங்கினா எம்புட்டு நாள்ல போகும்?" என்று கேட்டாராம். அய்யூப் அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீக?"

"அவங்க அவங்க கண்டத்தப் பொறுத்ததுன்னேன்."

அந்த மனிதரோடு நான் அன்று பேசவில்லை. ஆனாலும் என் கண்ணை மறைத்துச் சில குஞ்சுகளை வளர்ந்ததும் விற்றிருக்கிறார். வாங்கியவர்களில் ஒருவர் கடைக்கே திரும்பி வந்தார். நானும் அப்போது கடையில் இருந்தேன். "என்ன பாய், நல்ல மீனாக் குடுக்கக்கூடாதா? மாசக்கணக்கா ஆச்சு. நல்லாத் தின்னுக்கிட்டு, நல்லா இருக்கு. சாகவே மாட்டேங்குது" என்றார். அவர் குறைபட்டுக்கொண்ட விதம், புளித்த மாவைத் திருப்பிக் கொடுக்க வந்த மாதிரி இருந்தது. காசைத் தூக்கி அவர் முன்னால் வீசி, போய் மீனைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் பேசுங்கள் என்றேன். கொண்டு வந்தார். அதன் துடுப்பு நைந்திருந்தது. அன்று மாலையே அய்யூப்பிடமிருந்து மாடிச் சாவியை வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். இனி ஒரு குஞ்சு கீழே இறங்காது என்று சொல்லிவிட்டேன். "பொழப்பக் கெடுக்காத" என்றார். "இது பொழப்பு இல்ல, கசாப்பு" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வைகுண்டராஜ் எங்கள் வீட்டுக்கே வந்தார். கார் வாசலில் நின்றது. கையில் பழம், இனிப்பு. மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து, நான் குஞ்சுகளுக்குத் தீனி போடுவதைப் பார்த்தபடி நின்றார்.

"ஒரு மீன் வேணும்மா. அதே வம்சத்துல. மகன் கனடா போறான். போற எடத்துல ஒண்ணும் ஆகிரக்கூடாது பாரு. வீட்டுல ஒண்ணு இருந்தா மனசுக்குத் தைரியம்."

"இருந்தாவா, செத்தாவா?"

"வேணுங்கிறப்ப" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பொறுமை அறுந்தது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். இல்லை என்று அனுப்பியிருக்கலாம். மண்டையன் தன்னுடையது என்று அவர் கேட்டால் கொடுக்க வேண்டி வரும் என்பதும் எனக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கியவர் அவர். ஆனால் இவரை இப்படியே அனுப்பினால் இன்னொரு தொட்டி, இன்னொரு மோட்டார், இன்னொரு போட்டோ. நான் போய் மூலைத் தொட்டியின் சேலையை உருவினேன்.

"இந்தா இருக்கான் உங்க ராசி. நல்லாப் பாத்துக்கோங்க."

மண்டையன் புடைத்த நெற்றியோடு கண்ணாடிக்கு வந்தான். வைகுண்டராஜின் கையிலிருந்த இனிப்புப் பெட்டி கீழே விழுந்தது. "தேவுடா" என்று தெலுங்கில் சாமியைக் கூப்பிட்டார். பிறகு, "அப்ப செத்தது?"

"அவன் தம்பி. நீங்க இவனத் தராததால செத்தவன். நான்தான் மாத்தினேன். மலைச்சாமிய ஒண்ணும் சொல்லாதீக."

அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெட்கமாவது வரும் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது பயம். "அப்ப கண்டம் இன்னும் போகலயா? ரெங்கநாயகிக்கு... ஏம்மா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க நீ?"

"உங்க வீட்டுக்காரம்மா உசுரோட இருக்காக. இவனும் உசுரோட இருக்கான். ரெண்டும் இருந்தா உங்களுக்கு என்ன குறைச்சல்? யாராவது செத்தாத்தான் நம்புவீகளா?" என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ரெங்கநாயகி. காரில் இருந்திருக்கிறார், என் சத்தத்தைக் கேட்டு ஏறி வந்துவிட்டார். இளைத்திருந்தார். கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தவர், தொட்டியைப் பார்த்தார். மண்டையன் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் போய் வாயைத் திறந்தான், இறாலுக்கு.

அவர் கண்ணாடியில் கையை வைத்தார். "நான் வெள்ளிக்கெழமை தோறும் அந்த வேப்ப மரத்துக்கு விளக்கு போட்டுட்டு வாரேன்" என்றார். "வாயில்லாச் சீவன், எம்மேல உள்ள பாசத்துல தானா உசுர விட்டுச்சுன்னு சொன்னாக. அன்னைக்கு இருந்து எனக்குச் சோறு எறங்கல. இது எப்படிம்மா இங்க?"

வைகுண்டராஜ் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். நான் சொன்னேன். மோட்டாரை அணைத்தது, தண்ணீர் மாற்ற விடாதது, தீனியை நிறுத்தியது, ஜன்னலைச் சாத்தியது, போட்டோ அனுப்பச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஆறவில்லை. ரெங்கநாயகியின் முகத்தைப் பார்க்கப் பார்க்க என் கோபத்தை அவர் வாங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது.

"உனக்காகத்தான் செஞ்சேன்" என்றார் வைகுண்டராஜ்.

ரெங்கநாயகி அவர் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை.

"ஆபரேசனுக்கு முந்தின நாளு நான் மூக்குல கொழாய மாட்டிக்கிட்டுக் கெடந்தேன். நீங்க எங்கைய பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தீக. அப்ப போன் வந்துச்சு. அதப் பாத்துட்டுச் சிரிச்சீக. டாக்டர்தான் நல்ல சேதி சொல்லியிருக்காருன்னு நினைச்சு நானும் உங்களப் பாத்துச் சிரிச்சேன்."

வைகுண்டராஜ் தொட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"அது வரைக்கும் நீங்க அழுதது எனக்காகவா, அந்த மீனு இன்னும் சாகலையேங்கிறதுக்காகவா?"

வைகுண்டராஜ் குனிந்து இனிப்புப் பெட்டியை எடுத்தார், மறுபடி வைத்தார். ரெங்கநாயகி, மண்டையன் இங்கேயே இருக்கட்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினார். கதவு திறந்து நின்ற காரைத் தாண்டிப் போய், தெருமுனையில் நின்ற ராஜபாளையம் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.